டிரேக் ஜலசந்தி தாண்டும்வரை

குதைபியாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். தெரிகிறது என்பதற்காக அதைக் கடல் என்று சொல்லிவிட முடியாது. பஹ்ரைன் கடல் சரியான சோம்பேறி. முழங்கால் ஆழத்திலேயே ரொம்ப தூரம் நடக்கலாம், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் போதும். ஷமால் காற்று மண்ணை வாரி இறைக்கிற நாளில்கூட நாலு வெள்ளை நுரையைக் காட்டிவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். நான் மதுரையில் பிறந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டவள். தூத்துக்குடிக் கடலும் சாதுதான். அதனால் கடல் என்றால் எனக்குப் பயமே இருந்ததில்லை. கப்பல்காரருக்குக் கழுத்தை நீட்டியதுகூட அந்தத் தைரியத்தில்தான்.

அவர் முதலில் பஹ்ரைன் துறைமுகத்திலேயே, பெரிய கப்பல்களை இழுத்து வந்து கரை சேர்க்கும் டக் படகில் இன்ஜினியராக இருந்தார். காலையில் போனால் சாயந்தரம் வீட்டுக்கு வந்துவிடுவார். மனுஷனுக்கு அது போதவில்லை. "ஒரே தண்ணியில எத்தன நாளைக்குச் சுத்துறது?" என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒரு நாள் உலகமெல்லாம் போகிற சரக்குக் கப்பலில் இரண்டாவது இன்ஜினியராக ஏறிவிட்டார். எனக்குக் குதைபியாவிலேயே ஒரு கிளினிக்கின் லேபில் வேலை. ரத்தம் எடுப்பது, பரிசோதிப்பது, ரிப்போர்ட் அடிப்பது. மகள் இந்தியப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆகவே நானும் அவளும் பஹ்ரைனிலேயே இருந்துவிட்டோம். அவர் கப்பலிலிருந்து இறங்கினால் எங்களிடம் விமானத்தில் வருவார், பிறகு மூவருமாக ஊருக்குப் போவோம்.

கப்பல்காரர் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கப்பலிலிருந்து வீட்டுக்கு வரும் சேதியில் கடல் எப்போதும் அமைதியாக இருக்கும். வீட்டிலிருந்து கப்பலுக்குப் போகும் சேதியில் எல்லாரும் எப்போதும் சௌக்கியமாக இருப்பார்கள். மகளுக்கு அம்மை போட்டபோது நான் எழுதவில்லை. அவர் கையில் கொதிநீர் பட்டு வெந்துபோனதை அவர் எழுதவில்லை. தழும்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கீழே கோல்ட் ஸ்டோரில் இருந்த மலையாளி சேட்டன் மேலே எட்டிப் பார்த்தார். பஹ்ரைனில் மளிகைக் கடைக்கு அதுதான் பேர், கோல்ட் ஸ்டோர். சத்தம் போட்டு என்ன? அடுத்த தடவை நானும் அதையேதான் செய்தேன்.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் பிரேசிலிலிருந்து போன் செய்தார். இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு சிலி நாட்டுக்குப் போகிறார்களாம். அங்கே இறங்கி நேராக லீவில் வருகிறாராம்.

"பனாமா கால்வாய் வழியாத்தானே?" என்றேன். என் மகளின் புண்ணியத்தில் எனக்கும் கொஞ்சம் பூகோளம் தெரியும்.

"இந்தக் கப்பல் அதுக்குள்ள நுழையாது. அகலம் ஜாஸ்தி. கீழ சுத்திப் போறோம்."

"கீழன்னா எங்க?"

"தென் அமெரிக்காவுக்கும் கீழ. டிரேக் ஜலசந்தின்னு ஒண்ணு இருக்கு. அதைத் தாண்டினா அந்தப் பக்கம்."

ஜலசந்தி என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஜலசந்தி என்றால் நமக்கு என்ன தெரியும்? ராமேஸ்வரத்துக்கும் இலங்கைக்கும் நடுவில் ஒன்று. இங்கே எண்ணெய்க் கப்பல்கள் வரிசை கட்டி ஊர்ந்து போகும் ஹோர்முஸ் ஒன்று. ரெண்டு பக்கமும் கரை, நடுவில் கொஞ்சம் தண்ணீர். ஏதாவது ஆனால் ஏதாவது ஒரு கரை பக்கத்தில் இருக்கும். அட, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் போனை வைப்பதற்கு முன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அப்பா எப்படி இருக்காரு? மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுதாரா?"

என் மாமனார் தூத்துக்குடி துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். என் கோபத்தைக் கோபம் என்று சொல்லாத ஒரே ஆள் அந்தக் குடும்பத்தில் அவர்தான். "மதுரைக் காரம்" என்பார். நானும் இவரும் சண்டை போட்டால் என்ன ஏது என்று விசாரிக்காமலே, "அவ சொல்லுததுதாம்ல சரி" என்று மகனைத்தான் அடக்குவார். பெற்ற அப்பாவிடம்கூட எனக்கு அவ்வளவு உரிமை கிடையாது.

பிரேசிலிலிருந்து கப்பல் கிளம்பிய மறுநாள் காலை. மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கூல் பஸ் வரும் நேரம். போன் அடித்தது. ஊரிலிருந்து கொழுந்தன்.

"மதினி," என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க தம்பி. மாமாவா?"

"அப்பா போயிட்டாங்க மதினி. தூக்கத்துலயே."

பாதிப் பின்னலைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். மகள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மம்மி, பஸ் வந்துரும்" என்றாள். நான் பின்னலை முடித்தேன். ரிப்பனைக் கட்டினேன். அவளைக் கீழே கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு மேலே வந்து திரும்பப் போன் செய்தபோது அத்தை பேசினார். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது, ஆனால் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னார்.

"ஏ தாயீ, அவன்கிட்டச் சொல்லிராத. நேத்து நடந்திருந்தாலாவது எறங்கி வந்திருப்பான். இப்பக் கடல் நடுவுல வச்சுக் கேட்டா எம்புள்ள என்ன செய்வான்? சின்னவன் கொள்ளி வைக்கட்டும். கரைக்கு வந்தப்புறம் பெரியவன்கிட்டச் சொல்லிக்கிடுவோம்."

"சரி அத்தை. நான் இன்னைக்கே டிக்கெட் பாத்துக் கிளம்பி வர்றேன்."

"நீயும் வராத."

"என்னத்தை சொல்றீங்க?"

"அவன் கப்பல்லருந்து போன் போட்டா நீ அங்ஙன இருக்கணும்லா? நீ இல்லைன்னா கண்டுபிடிச்சிருவான். லெட்டருக்கும் நீதானே பதில் போடுத."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. புருஷனை அன்றைக்குக் காலையில் இழந்த ஒருத்தி, இன்னொரு கோடியில் இருக்கிற மகனுக்காக இத்தனை யோசிக்கிறாள், அவளிடம் போய் நான் கத்தவா முடியும்? "சரி அத்தை" என்று வைத்துவிட்டேன். என் மாமனாரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க என்னால் போக முடியாது என்பது அந்த ஒரு "சரி"யில் முடிவாகிவிட்டது. கிளினிக்குக்குப் போனேன். அன்று ஊசி குத்திய ஒவ்வொரு கையிலும் நரம்பைத் தேடித் தேடிக் கண் கலங்கியது. ஒரு பஹ்ரைனி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, வலிக்கவில்லை, பயப்படாதே என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். வலிக்க வேண்டியது அவளுக்கு.

மகளிடமும் சொல்லவில்லை. அவள் போனில் அப்பாவிடம் உளறிவிடுவாள். ஆக, அந்த வீட்டில் சத்தம் போட்டு அழ இடமே இல்லாமல் போயிற்று. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆனால் மனசு ஒப்பவில்லை. அத்தை சொன்னது சரியா? மூத்த மகன். அப்பா என்றால் உயிர். அப்பா இல்லை என்பது தெரியாமல் ஒருத்தர் சாப்பிட்டு, சிரித்து, சீட்டாடிக்கொண்டிருப்பது என்ன நியாயம்? அதுவும் என்னால்? ரெண்டாவது நாள் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, உண்மையை எழுதியே விட்டேன். அனுப்பவில்லை. கப்பலுக்கு வரும் ஈமெயில் எல்லாம் கேப்டனின் கம்ப்யூட்டருக்குத்தான் போகும். அவர் அச்சடித்து அவரவரிடம் கொடுப்பார். இந்தச் சேதியை இவர் கையில் யாரோ ஒருவர் தாளாகக் கொண்டுபோய்க் கொடுப்பதை நினைத்ததும் கை நின்றுவிட்டது. யாரிடமாவது கேட்க வேண்டும் என்று எதிர் ஃப்ளாட் கதவைத் தட்டினேன்.

எதிர் ஃப்ளாட்டில் நாகர்கோவில் பக்கத்து அக்காவும் அண்ணனும். அண்ணன் இப்போது டக் படகில் மாஸ்டர். அதற்கு முன்னால் பல வருஷம் பெரிய கப்பல்களில் இருந்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன்தான் கேட்டார்.

"கப்பல் எந்த வழியாப் போவுது?"

"ஏதோ டிரேக் ஜலசந்தியாம் அண்ணே."

அவர் முகம் மாறியது. "பிள்ளைக்க அட்லஸ் இருந்தா எடுத்துட்டு வா" என்றார்.

மகளின் பள்ளி அட்லஸை விரித்தோம். தென் அமெரிக்கா கீழே போகப் போக ஒல்லியாகி, வால் மாதிரி கிழக்கே வளைந்து முடிந்திருந்தது. அதற்குக் கீழே, தாளின் ஓரத்தில், அண்டார்டிகாவிலிருந்து ஒரு வெள்ளை முனை மேலே நீண்டு, அதுவும் கிழக்கே வளைந்திருந்தது. நடுவில் விரல் அகலத்துக்கு நீலம். ரெண்டு கண்டத்தின் நுனியும் எதையோ தாங்க முடியாமல் ஒரே பக்கமாக மடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

"இதுதான். ஜலசந்தின்னு பேருதான் பிள்ளே. நடுவுல நின்னா எந்தப் பக்கமும் கரை தெரியாது. நம்ம கன்னியாகுமரிலருந்து மெட்ராஸ் போற தூரத்துக்கும் மேல. ஒதுங்கி நிக்க ஒரு மூலை கிடையாது, கேட்டியா."

"அவ்வளவு அகலம்னா நல்லதுதானே அண்ணே? தாராளமா போகலாம்ல?"

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். இந்தா, இந்த எடத்துல விரல வை. அப்படியே கிழக்க கோடு போட்டு உலகத்தை ஒரு சுத்து சுத்திட்டு வா. எங்கயாவது நிலம் தட்டுதா பாரு."

நான் விரலை நகர்த்தினேன். ஆப்பிரிக்காவின் நுனிக்கு வெகு கீழே போயிற்று. பக்கத்தைப் புரட்டினேன். இந்தியப் பெருங்கடலின் அடிவயிறு, ஆஸ்திரேலியாவுக்குக் கீழே, நியூசிலாந்துக்கும் கீழே. மறுபடி பக்கத்தைப் புரட்டி, பசிபிக் முழுக்கக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். ஒரு தீவு, ஒரு புள்ளிகூட விரலில் படவில்லை. உலகத்தில் இப்படி ஒரு கோடு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"தட்டல, இல்லியா? அங்க அடிக்க காத்துக்குத் தடுக்க ஆளில்ல. மேற்கருந்து கிழக்க, உலகத்தைச் சுத்திச் சுத்தி வரும். அது தள்ளிட்டு வர தண்ணி மொத்தமும் இந்த ஒரு வாசல் வழியாத்தான் நெருக்கிப் பிடிச்சுப் போணும். பசிபிக்குல மலை மலையா வந்த அலை இங்க வந்து குறுகிக் குமியும். நடுவுல ஒரு எடம் உண்டு, அதைத் தாண்டினா தண்ணி திடீர்னு ஐஸாயிரும். பனிமூட்டம் வந்து மூடிக்கிடும். இப்ப அங்க நல்ல குளிர்காலம் வேற. உன் வீட்டுக்காரன் போறது கிழக்கருந்து மேற்க. தேர்த் திருவிழாக் கூட்டத்துல எதிர்த்து நடக்க மாதிரி."

"கப்பலுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"கப்பல் தாங்கிக்கிடும். பெரிய கப்பல். மனுசன்தான் நிக்க முடியாது. ஒரு கை எப்பவும் கம்பியைப் பிடிச்சிருக்கணும். இன்ஜின் ரூம்ல சுத்திவரச் சூடு, ஓடுத மெஷின். ஒரு நிமிசம் நெனப்பு எங்கயாவது போச்சுன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "அதுக்குத்தான் பெரியவங்க சொல்லாதேன்னு வச்சிருக்காங்க. அந்தத் தண்ணியைத் தாண்டட்டும் பிள்ளே. அதுவரைக்கும் மாமா உயிரோட இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து எழுதி வைத்திருந்ததை அழித்தேன். புதிதாக எழுதினேன். மகள் கணக்கில் நல்ல மார்க். இங்கே வெயில் தாங்கவில்லை. எல்லாரும் நலம்.

அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் அவருடைய மெயில் வரும். "கடல் எண்ணெய் மாதிரி இருக்கு" என்று ஒரு வரி. எண்ணெயாம் எண்ணெய்! பொய் சொல்வதில் என் புருஷனை மிஞ்ச ஆளில்லை என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். அடுத்த வரி: "அப்பா மாத்திரை சாப்பிடுறாரா?" அதற்கு நான் "சாப்பிடுறாங்க" என்று எழுத வேண்டும். சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. நான் உட்கார்ந்து, சாப்பிடுறாங்க, நடக்கிறாங்க, நேத்து இட்லி கேட்டாங்களாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் துணிந்து, "உங்களை விசாரிச்சாங்க" என்று எழுதிவிட்டேன். எழுதியபின் கொஞ்ச நேரம் எனக்கே அது நிஜம் மாதிரி இருந்தது. எழுந்துபோய் முகத்தைக் கழுவினேன்.

வெளியே நெருப்பு. கார் கதவின் பிடியைத் தொட்டால் கை பொத்துக்கொள்ளும். நான் ஏசிக்கு அடியில் உட்கார்ந்து, உறைபனியில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மகள் ஸ்கூலுக்கு அட்லஸ் வேண்டும் என்று கேட்டபோது, "ஒரு வாரம் கழிச்சுத் தர்றேன், மிஸ் கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றேன். "யூ ஆர் ஸோ வியர்ட், மம்மி" என்று போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் மெயில் வரவில்லை. மறுநாளும் இல்லை. எதிர்க் காற்றில் வேகம் குறைந்திருக்கும், ஆன்டெனாவில் ஐஸ் கட்டியிருக்கும் என்று அண்ணன் ஏதேதோ சமாதானம் சொன்னார். நான் வேலையில் டெஸ்ட் டியூபுகளை மாற்றி வைத்துவிட்டு, நல்லவேளை, நானே கண்டுபிடித்துச் சரி செய்தேன். அதற்கடுத்த நாள் ஒரே வரி வந்தது. "லேட் ஆகுது. எல்லாம் ஓகே." அன்றைக்கு எண்ணெயும் இல்லை, கடலும் இல்லை. அந்த வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று.

மாமாவின் பதினாறாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஊரில் பந்தல் போட்டுக் கருமாதி. எனக்கும் அன்று லீவு நாள். தலைக்குக் குளித்தேன். கீழே சேட்டனிடம் சொல்லி வைத்து வாங்கிய வாழையிலையில், மாமாவுக்குப் பிடித்த அவியலும் பருப்புப் பாயசமும் வைத்து, ஒரு விளக்கை ஏற்றினேன். படம் வைக்கவில்லை, மகள் கேட்பாள். "வாட் ஃபெஸ்டிவல் இஸ் திஸ்?" என்றாள். "சும்மா, வெள்ளிக்கிழமை" என்றேன். காக்கைக்கு வைக்கிற சோற்றை ஜன்னல் ஏசிப் பெட்டியின் மேல் வைத்தேன். குதைபியாவில் எந்தக் காக்கை வரும்? ரெண்டு புறாவும் ஒரு மைனாவும்தான் வந்து சண்டை போட்டுத் தின்றன. "மாமா, கோவிச்சுக்காதீங்க, இங்க இதுதான் கிடைக்குது" என்று மனதுக்குள் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்க மகன் அந்தத் தண்ணியைத் தாண்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு மெயில் வந்தது. "தாண்டிட்டோம். இனி வடக்கே ஏற வேண்டியதுதான்." நான் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், நம்ப மாட்டீர்கள். ஓடிப்போய் எதிர் ஃப்ளாட் கதவைத் தட்டிச் சொன்னேன். அக்கா சர்க்கரையை அள்ளி என் வாயில் போட்டாள். திரும்பி வந்து மெயிலை மறுபடி படித்தபோதுதான் கவனித்தேன். அதில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, களைப்பாக இருக்கும் என்று விட்டேன். மறுநாள் மெயிலிலும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மகளைக் கேட்டார், வெயிலைக் கேட்டார், எனக்குக் கால் வலி எப்படி என்று கேட்டார். அப்பாவை மட்டும் கேட்கவில்லை. முதலில், பொய் எழுத வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி. அப்புறம் ஆத்திரம் வந்தது. இதென்ன மனுஷன்? நான் இங்கே இவருக்காகச் செத்தவரை உயிரோடு வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன். இவர் என்னடாவென்றால், ஆபத்து நீங்கியதும் பெற்ற அப்பனை மறந்துவிட்டார்! அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். "ஆம்பளைங்க அப்படித்தான் பிள்ளே, லீவு வருதுன்னா ஒண்ணும் ஓடாது" என்றாள்.

சிலியில் கரை சேர்ந்ததும் ஒரு தடவை போனில் பேசினார். பக்கத்தில் ஆள் சத்தம். "வாரேன், வந்து பேசிக்கிடுவோம்" என்று வைத்துவிட்டார். அப்போது சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. ஆனால் கொழுந்தன் முந்தின நாளே சொல்லியிருந்தார்: "தனியா அத்தன பிளைட் மாறி வரணும் மதினி. வீட்டுக்கு வரட்டும். உக்கார வச்சுச் சொல்லுங்க. ஒங்களாலதான் முடியும்."

என்னால்தான் முடியுமாம். அந்த வாரம் முழுக்க வாக்கியம் தேடினேன். பஸ் ஸ்டாப்பில், லேபில், அரிசி களையும்போது. "மாமா கஷ்டப்படல" என்று ஆரம்பிக்கலாமா? "மனசைத் தேத்திக்கங்க" என்றா? எல்லாமே யாரோ சொல்வது மாதிரி இருந்தது.

முஹர்ரக் ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவு திறந்து அவர் வந்தார். இளைத்திருந்தார். தலையில் கம்பளிக் குல்லா. ஜூலை மாதம், வெளியே நிற்பவர்கள் எல்லாம் வியர்வையில் குளித்துக்கொண்டிருக்கிறார்கள், இவர் காது வரை குல்லாவை இழுத்துவிட்டிருந்தார். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, "டாடி, இந்த ஹீட்டுல மங்கி கேப்பா?" என்று சிரித்தாள். "பிளைட்டுல ஒரே ஏசி" என்றார். டாக்ஸியிலும் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்தும் கழற்றவில்லை. மகள் சாக்லேட் பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர் ஃப்ளாட்டுக்கு ஓடினாள்.

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். இப்போது சொல்ல வேண்டும். தேடி வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. அவர் நிதானமாகத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "வெயில் ஜாஸ்தியோ?" என்றார். அவ்வளவுதான், என் பொறுமை போய்விட்டது.

"வெயில விசாரிக்கத் தெரியுது! பெத்த அப்பா எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? மூணு வாரமா பாக்குறேன். கேக்கத் தோணுச்சா உங்களுக்கு?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். குல்லாவைக் கழற்றினார். மொட்டை அடித்து, அரை விரல் அகலத்துக்கு முடி முளைத்த தலை.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஃபிட்டர்தான் அடிச்சுவிட்டான்," என்றார். "பசிபிக் பக்கம் வந்து கடல் கொஞ்சம் அடங்கின அன்னைக்கி. சமையல்காரர்ட்ட ரொட்டிக்குத் தூவுற எள்ளு இருந்துச்சு. பின்னால டெக்குல நின்னு, தெக்க பாத்து எறச்சேன். தெக்கதானே செத்தவங்க எடம்? அதுக்கு மேல தெக்க போக எனக்கு எடமில்ல. வெறும் ஐஸுதான்."

"யார் சொன்னா? நாங்க யாருமே சொல்லலியே. தம்பியா?"

"யாரும் சொல்லல. நாந்தான் போன் போட்டேன். நடுக் கடல்ல இருந்து."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். ரெண்டு நாளாக யாரும் படுக்கவில்லை. கட்டிலில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டாலும் தூக்கி எறிந்தது. எழும்பிய அலை ஒவ்வொன்றும் கப்பலைத் தூக்கிப் போடும்போது, கீழே இன்ஜின் ரூமில் இரும்பு மொத்தமும் கத்தியது. ஒரு நேரத்தில், இதோடு சரி என்று நிஜமாகவே நினைத்தார். கேப்டனிடம் கேட்டுச் சாட்டிலைட் போனை எடுத்தார். அங்கே இன்னும் விடியவில்லை. ஊரில் மத்தியானம்.

"ஒனக்குப் போட்டா கொரல வச்சே கண்டுபிடிச்சிருவே. பிள்ளையோட தனியா இருக்க. அப்பான்னா 'என்னடே'ன்னு கேப்பாரு. 'சும்மாதாம்ப்பா'ன்னு சொல்லிட்டு வச்சிரலாம். அந்த ஒரு 'என்னடே' கேட்டாப் போதும்னு இருந்துச்சு."

"யார் எடுத்தா?"

"பந்தல்காரன். 'வீட்டாளுக எல்லாம் உள்ள கருமாதில இருக்காங்க, பெரியவருக்கு இன்னைக்குப் பதினாறு, சாயந்தரமாக் கூப்பிடுங்க'ன்னான். பின்னால அம்மா சத்தம் கேட்டுச்சு. எலை போடச் சொல்லிக்கிட்டு இருந்தா." தன் தலையைத் தடவினார். "அவன் நல்ல மனுசன். வச்சிருவான்னு பாத்தா, 'யாரு பேசுதீங்க? அம்மாகிட்டச் சொல்லணுமா?'ன்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"மூத்த மகன்னு எப்படிச் சொல்ல? எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அவ நெஞ்சைக் கல்லாக்கிட்டு நடமாடிட்டு இருக்கா. நீயும் இங்க தெனமும் எழுதிக்கிட்டு இருக்க. ராங் நம்பருன்னு சொல்லி வச்சிட்டேன்."

அதுவரை குழாயைத் திறந்துவிட்டு அழுதவள், அன்றைக்குத்தான் எதிர் ஃப்ளாட்டில் மகளுக்குக் கேட்கும்படி வாய்விட்டு அழுதேன்.